பழங்கார்க் கழகங்களும் அவற்றின் சஞ்சிகைகளும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

சஞ்சிகைகள் பற்றி நம்மிடையே நிகழ்ந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் சிறுகதை, கவிதை, விமரிசனம் ஆகியவற்றுக்குக் களமாய் அமைந்த ஏடுகளையே பொருளாகக் கொண்டுள்ளன. இஃது இயல்பே. ஆயினும் அச்சு ஊடகத்தின் வரலாற்றை முழுமையாக நோக்குமிடத்து, இலக்கியத்தின் எல்லைக்குப் புறத்தே, குறித்தவொரு பொருளில் ஈடுபாடு கொண்ட சிறு குழுவினர் தமக்காகத் தாமே நடத்திவந்த ஏடுகள் பல, புகழ்பெற்ற இலக்கிய ஏடுகளைக் காட்டிலும் நீண்ட ஆயுளையும் உறுதியான வாசகர் கூட்டத்தையும் பெற்றிருந்தமை புலனாகும். முத்திரை சேகரிப்போர், பறவை நோக்குவோர், புகைவண்டி ஆர்வலர் முதலியோரின் ஏடுகள் இவ்வகையின. பழைய மோட்டார் கார்களைப் பேணுவோர் தம் கழகங்களின் சார்பில் வெளியிட்டு, இதழ்தோறும் எதிர்பார்த்திருந்து படித்து மகிழ்ந்துவரும் சஞ்சிகைகளும் இவ்வகையுள் அடங்கும்.

இத்தகைய சஞ்சிகைகளைப் பற்றி இருவகையான கருத்துக்கள் நிலவுகின்றன. இவை செல்வர்களின் விளையாட்டுப் பொருள்கள் பற்றிய வெற்றுரைகள், சமூக ஆய்வாளனின் கவனத்துக்கு உரியன அல்ல என்பது ஒன்று. இவை மரபுரிமையைப் பாதுகாக்கும் உன்னதப் பணியைச் செய்கின்றன, ஆதலின் வர்க்கச் சார்பற்றவை என்பது மற்றொன்று. முற்போக்குச் சிந்தனையாளர் முதலாவதன் பக்கமே சாய்வது வழக்கம். இவ்விரண்டுமே போதாதவை என்பது எனது துணிபு. ஒரு பொருளை நேசிப்பவன் அப்பொருளை ஆக்கிய உழைப்பையும் ஓரளவுக்கேனும் அறிந்துகொள்ள நேர்கிறது. அவ்வாறு நேர்ந்தும் உழைத்தவன் அவனது ஏட்டில் இடம்பெறாது போவது ஏன் என்பதே கேட்கப்படவேண்டிய வினா. இவ்வினாவுக்கு விடைகாண, இக்கழகங்கள் பெருவளர்ச்சி கண்ட ஐக்கிய அமெரிக்காவைப் பிரதான களமாகக் கொண்டு சில அவதானிப்புக்களை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பழங்கார் என்றொரு பொருள் தோன்றுவதற்கு முதலில் கார் பழையதாக வேண்டும். இது வெளிப்படையான உண்மை போலத் தோன்றினும் ஆழ்ந்து நோக்கற்பாலது. மாட்டு வண்டியோ நெசவுத் தறியோ தலைமுறைகளைக் கடந்தும் பழையதாகிவிடவில்லை. தேய்ந்தபோது திருத்தப்பட்டது, திருத்த இயலாதபோது விறகாயிற்று. மோட்டார் காரோ பிறந்து முப்பது ஆண்டுகளுக்குள்ளேயே பழம்பொருள் என்ற தகுதியை எய்தியது.

ஹென்றி ஃபோர்ட் 1908இல் அறிமுகப்படுத்திய மொடல் ரீ கார் ஏறத்தாழ மாறாத ஒரே வடிவில் 1927 வரை உற்பத்தி செய்யப்பட்டது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. தொடக்கத்தில் 850 டொலராக இருந்த அதன் விலை 1920களின் நடுப்பகுதியில் 300 டொலருக்கும் கீழே இறங்கியது. கார் வாங்கக்கூடியவர் அனைவரும் வாங்கிய பின்னர் சந்தை எங்கே விரியும் என்ற நெருக்கடி இதனால் எழுந்தது. இதற்கு விடைகண்டவர் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் அல்பிரட் ஸ்லோன். ஆண்டுதோறும் புதிய தோற்றம், புதிய வண்ணம், புதிய மொடல் என்ற உத்தியை அந்நிறுவனம் வகுத்தது. 1927இல் அங்கு நிறுவப்பட்ட கலை, வண்ணப் பிரிவு இவ்வுத்தியின் நிறுவன வடிவமாகும். சென்ற ஆண்டு வாங்கிய கார் இயந்திர அளவில் பழுதின்றி இருப்பினும் சமூக மதிப்பில் இவ்வாண்டு பழையதாயிற்று. எனவே பழமை என்பது காலம் இயல்பாக ஈந்த தன்மையன்று. புதுமையோடு சேர்த்துத் தொழிற்சாலையிலேயே உற்பத்தி செய்யப்பட்டதொரு பண்டம் அது.

இதன்மேல் 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி வந்து சேர்ந்தது. அவ்வாண்டிலே சுமார் 53 இலட்சமாக இருந்த அமெரிக்க மோட்டார் வாகன உற்பத்தி 1932இல் சுமார் 13 இலட்சமாகச் சுருங்கியது. சிறிய கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. பியர்லெஸ், மார்மன், ஃபிராங்ளின், ஸ்ரட்ஸ், பியர்ஸ் ஆரோ என ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த பெயர்கள் அப்பத்தாண்டிலே வீதியினின்றும் நீங்கின. கோட், டூசன்பேர்க் ஆகியவற்றின் உற்பத்தி 1937இல் நின்றது. மூலதனம் ஒருமுகப்படுதல் என்று அரசியற் பொருளாதாரம் விவரிக்கும் நிகழ்வு, சாதாரண மனிதனின் அனுபவத்தில், தந்தையார் ஓட்டிய காரைச் செய்த கம்பனி இன்று இல்லை என்ற வடிவிலேயே உணரப்பட்டது. பழங்கார்க் கழகங்களின் தோற்றத்துக்கான உணர்வுத்தளம் இதுவேயாம்.

3

பிரித்தானியாவில் இவ்வியக்கம் சற்று முன்னரே தோன்றியது. வீதியில் இயந்திர வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்திய பழைய சட்டம் 1896இல் தளர்த்தப்பட்டபோது, நவம்பர் 14ஆம் நாள் இலண்டனிலிருந்து பிறைற்றனுக்கு ஒரு விடுதலை ஊர்வலம் நடைபெற்றது. அதனை ஒழுங்குசெய்த ஹரி லோசன் ஒரு கம்பனித் தரகர். மோட்டார் காப்புரிமைகள் யாவற்றையும் தம் கைக்குள் அடக்க முயன்றவர். 1904இல் மோசடிக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர். விடுதலை என்ற சொல்லின் பின்னால் பங்குச் சந்தை நின்றமை கவனிக்கத்தக்கது. அவ்வூர்வலத்தின் நினைவோட்டத்தை 1927இல் மீண்டும் தொடக்கிவைத்தது ஒரு பத்திரிகை நிறுவனமே. 1930ஆம் ஆண்டின் நினைவோட்டம் முடிந்த வேளையில் பிறைற்றன் நகர ஹோட்டல் ஒன்றிலே வெற்றரன் கார்க் கழகம் உருவானது. 1934இல் வின்ரேஜ் ஸ்போட்ஸ் கார்க் கழகம் தோன்றியது. புதிய கார் வாங்கப் பணமற்ற இளைஞர் தம் பழைய கார்களிலேயே மகிழவேண்டும் என்பதே இரண்டாவது கழகத்தின் ஆரம்ப நோக்கமாயிருந்தது. பின்னாளில் பெருஞ்செல்வர்க்கே உரியதாகக் கருதப்பட்ட இப்பொழுதுபோக்கின் ஒரு வேர் இவ்வாறு பணமின்மையிலே ஊன்றியிருந்தமையை மறத்தலாகாது.

அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிலடெல்பியா நகரிலே அமெரிக்கப் பழங்கார்க் கழகம் நிறுவப்பட்டது. அதன் சிற்றேடு 1937இல் தொடங்கி, பின்னர் 'அன்ரீக் ஒட்டோமொபைல்' என்ற பெயரில் ஆண்டுக்கு ஆறு இதழ்களாக வெளிவரலாயிற்று. அதே 1937இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் குதிரையில்லா வண்டிக் கழகம் தோன்றித் தனக்கென ஓர் ஏட்டை நடத்தியது.

இவ்வாண்டுகளை மனங்கொண்டு, அதே தொழிற்றுறையின் மறுபக்கத்தை நோக்குவோம். 1935 யூலையில் தொழிலாளர் கூட்டாகப் பேரம்பேசும் உரிமையை அங்கீகரித்த வாக்னர் சட்டம் நிறைவேறியது. ஓகஸ்ற் மாதம் டெற்றோயிற் நகரிலே ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கம் அமைக்கப்பட்டது. பழங்கார்க் கழகம் தோன்றியது அதற்கு மூன்று மாதங்களுக்குள்ளாகும். 1936 டிசம்பர் 30ஆம் நாள் மிஷிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் தொழிலாளர் ஆலையினுள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்யத் தொடங்கினர். நாற்பத்துநான்கு நாட்களின் பின், 1937 பெப்ரவரி 11இல், உலகின் மிகப்பெரிய கார்க் கம்பனி சங்கத்தை அங்கீகரிக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு மே 26ஆம் நாள் ஃபோர்ட்டின் ரூஜ் ஆலை வாயிலிலே துண்டுப் பிரசுரம் வழங்க வந்த சங்கத்தினரைக் கம்பனியின் அடியாட்கள் தாக்கினர். எழுத்தாளர் அப்டன் சின்கிளேயர் ஃபோர்ட் ஆலைத் தொழிலாளி ஒருவனின் வாழ்க்கையைக் கருவாகக்கொண்ட 'த ஃபிலிவர் கிங்' நாவலை எழுதியதும், சங்கம் அதனைத் தன் அங்கத்தவரிடையே பெருந்தொகையாகப் பரப்பியதும் அதே 1937இலேயே.

காரை ஆக்குவோரும் காரைப் பேணுவோரும் ஒரே காலத்தில் அமைப்பாகினர். இருவரும் தத்தமக்கு உரிய அச்செழுத்தையும் தேடிக்கொண்டனர். எனினும் ஒரு சாராரின் ஏட்டில் மறுசாரார் இடம்பெறவில்லை. இதனைச் சதி என்று கொள்வது பேதைமை. புதிய கார் வேலைநிறுத்தம், வேலையின்மை, தவணைக் கடன் ஆகியவற்றின் குறியீடாக மாறிவிட்ட ஒரு காலத்தில், அச்சச்சரவுகள் எவையும் அற்றதாகக் கற்பனை செய்யப்பட்ட பழைய காரை நோக்கி நடுத்தர வர்க்கம் திரும்பியதென்பதே பொருத்தமான விளக்கமாகும். ஹென்றி ஃபோர்ட்டே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1916இல் வரலாறு என்பது பெரும்பாலும் பிதற்றல் எனப் பத்திரிகையொன்றுக்குக் கூறிய அவர், 1929 ஒக்ரோபரில், டியர்போன் நகரிலே பழைய பட்டறைகளையும் வீடுகளையும் பெயர்த்துக் கொணர்ந்து நிறுவிய ஒரு காட்சிக் கிராமத்தைத் திறந்துவைத்தார். கிராமியப் பட்டறையை அழித்த கைகளே அதற்கு நினைவாலயமும் எழுப்பின.

4

இனிச் சஞ்சிகையை ஓர் எழுத்துவகையாக நோக்குவோம். பழங்கார்க் கழக ஏட்டின் உள்ளடக்கம் நாடுகள்தோறும் பெருமளவு ஒத்ததாகவே காணப்படுகின்றது. களஞ்சியத்தில் துருப்பிடித்துக் கிடந்த காரைக் கண்டெடுத்துப் பல ஆண்டுகள் உழைத்து ஓடவைத்த கதை. கழகத்தினர் கூட்டாக மேற்கொண்ட நீண்ட பயணத்தின் விவரணம். மறைந்துபோன கம்பனியொன்றின் வரலாறு. இன்ன கார் எதுவெனக் கண்டறிந்து கூறுமாறு வேண்டும் பழைய புகைப்படம். இயந்திர ஐயங்களும் அவற்றுக்கான விடைகளும். காலஞ்சென்ற அங்கத்தவருக்கு அஞ்சலி. இறுதிப் பக்கங்களில் தேவை, விற்பனை விளம்பரங்கள். இவற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத அங்கத்தவர்களே. எழுதுவோனும் வாசகனும் ஒருவனேயாகும் நிலை இங்கு உண்டு. இலக்கியச் சிறு சஞ்சிகைகள் பல எய்த விரும்பியும் எய்தாத நிலை இது.

இவ்வாசகன் அடையும் இன்பம் எத்தகையது? வணிகப் பத்திரிகையின் வாசகனுக்குத் தான் பெறாத ஒன்றைப் பெறவேண்டுமென்ற ஏக்கமே ஊட்டப்படுகின்றது. புதிய கார் விளம்பரம் அவனைத் தன் உடைமைமீது அதிருப்தி கொள்ளச் செய்கின்றது. கழக ஏடோ இதற்கு மறுதலையானது. அவனிடம் ஏற்கெனவே உள்ள பொருளை மேலும் அறியவும் திருத்தவும் அது தூண்டுகின்றது. 1942இல் பிரித்தானியாவில் தனியார் பயன்பாட்டுக்கான பெற்றோல் முற்றாக நிறுத்தப்பட்டது. ஓடாது நின்ற கார்களின் உரிமையாளர் அக்காலத்தில் வாசிப்பினாலேயே தம் ஈடுபாட்டைக் காத்துக்கொண்டனர். 1936 முதல் 1991 வரை 'மோட்டர் ஸ்போட்' ஏட்டின் ஆசிரியராக விளங்கிய பில் பொடி, யுத்த காலத்தில், வாசகர் தாம் முன்னர் வைத்திருந்த கார்களைப் பற்றி எழுதிய நினைவுக் கட்டுரைகளைத் தொடராக வெளியிட்டு அவ்வேட்டை உயிருடன் வைத்திருந்தார். பொருளின் பயன்பாடு தடைப்பட்ட இடத்திலே எழுத்து அதனை ஈடுசெய்தது.

இவ்வேடுகளில் மிகவும் உயிர்ப்புள்ள பகுதி தொழில்நுட்பக் குறிப்புக்களே என்பது எனது மதிப்பீடு. மொடல் ரீ காரை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்று மிதிகட்டைகள் இன்றைய காரின் மிதிகட்டைகளைப் போல் இயங்குவன அல்ல. தீப்பொறி நேரத்தைச் சாரதியே சுக்கானுக்கு இடப்புறமுள்ள நெம்பினால் மாற்றவேண்டும். அதனைப் பின்தள்ளி வைக்காது முன்புறக் கைப்பிடியைச் சுழற்றினால் இயந்திரம் எதிர்த்து உதைத்துக் கையை முறித்துவிடும். அதன் தண்டுகளைத் தாங்கும் பகுதிகள் வெள்ளீயக் கலப்புலோகத்தை உருக்கி வார்த்து, ஆறியபின் கையினாலே சுரண்டிப் பொருத்தப்பட்டவை. எவ்வளவு சூட்டில் உருக்குவது, எவ்வாறு ஊற்றுவது, தண்டோடு உராயும் இடத்தை எவ்வாறு கண்டு சுரண்டுவது என்பன தொழிலாளியின் கைகளில் வாழ்ந்த அறிவுகள். தொழில் மறைந்தபோது அவ்வறிவும் மறைந்திருக்க வேண்டும். அவ்வாறு மறையாது எஞ்சியதில் கழக ஏடுகளின் இக்குறிப்புக்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட ஆய்வுநூல், ஏகபோக முதலாளித்துவம் உழைப்பாளியின் கையிலிருந்து திறனைப் பிரித்தெடுத்து நிர்வாகத்திடம் ஒப்படைத்த முறையை விளக்குகின்றது. 1913இல் ஃபோர்ட்டின் ஹைலன்ட் பார்க் ஆலையிலே நகரும் தொடர்வரிசை அமைக்கப்பட்டபோது, ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டுவதற்கு எடுத்த காலம் பன்னிரண்டரை மணித்தியாலத்திலிருந்து சில மாதங்களுள் 93 நிமிடமாகக் குறைந்தது. தொழிலாளர் இவ்வேலையைச் சகியாது விலகினர். அவ்வாண்டில் ஆலையின் ஆள்மாற்று வீதம் 370 சதவீதத்தை எட்டியது. 1914 யனவரியில் அறிவிக்கப்பட்ட ஐந்து டொலர் நாட்கூலி இவ்வோட்டத்தைத் தடுப்பதற்கான ஏற்பாடே. அன்று முழுக் காரையும் எந்தத் தொழிலாளியும் அறியவில்லை; ஒருவன் ஆணியைச் செருகினான், மற்றொருவன் அதனை முடுக்கினான். இன்றோ கழக ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதே காரை முற்றாகக் கழற்றி முற்றாகப் பூட்டுகின்றான் ஓர் ஆர்வலன். அந்நியமாக்கப்பட்ட உழைப்பின் விளைபொருளொன்று, இரண்டாம் முறையாக, முழுமையான உழைப்புக்கு உரியதாகின்றது. அவ்வாசகன் தன் ஏட்டை ஏன் ஆவலோடு எதிர்பார்க்கின்றான் என்பதற்கு இதுவே அடிப்படை விடை. அவனது ஊதிய உழைப்பு அவனுக்குத் தராத நிறைவை அது தருகின்றது. இந்நிறைவை எள்ளி நகையாடுவது மார்க்சிய நோக்காகாது. அவனது வாரநாட்களில் இந்நிறைவு ஏன் இல்லை என வினவுவதே நம் கடமை.

5

ஆயினும் இவ்வேடுகள் இவ்வினாவை எழுப்புவதில்லை. அவற்றின் மதிப்பீட்டு முறையே அதற்குத் தடையாகின்றது. அமெரிக்கப் பழங்கார்க் கழகத்தின் போட்டிகளில் 400 புள்ளிகள் உச்சமாகக் கொள்ளப்பட்டு, குறைகளுக்கேற்பப் புள்ளிகள் கழிக்கப்படுகின்றன. விற்பனையாளர் முதல் வாடிக்கையாளரிடம் ஒப்படைத்த அன்று கார் எந்நிலையில் இருந்ததோ அந்நிலையே இதற்கு அளவுகோல். அதாவது, காரின் உன்னத நிலை அது பண்டமாக இருந்த கடைசிக் கணமாகும். ஓடியமையால் விழுந்த கீறல், குடும்பத்தின் பிள்ளைகள் ஏறி இறங்கித் தேய்ந்த படிக்கட்டு, கிராமத்துக் கொல்லன் இட்ட ஒட்டு யாவும் குற்றங்களாகின்றன. பயன்மதிப்பின் சுவடுகள் துடைக்கப்பட்டு, பரிவர்த்தனை மதிப்பின் தோற்றமே மீட்டெடுக்கப்படுகின்றது. வால்ற்றர் பெஞ்சமின் 1935இல் எழுதிய ஆய்வுக் குறிப்பொன்றில், பொருள்களைப் பயன்பாடென்னும் அடிமைத்தளையிலிருந்து சேகரிப்பாளன் விடுவிப்பதாகக் கருதினார். இங்கு நிகழ்வது அத்தகைய விடுதலையன்று. பொருள் மீண்டும் கடையின் காட்சியறைக்கே அனுப்பப்படுகின்றது. பிற்காலத்தில் அக்கழகமே, திருத்தப்படாது மூலக்கூறுகளைப் பேணிய கார்களுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை ஏற்படுத்தியமை இம்முரண்பாட்டை அங்கத்தவரும் உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டும்.

ஆர்வலரிடையேயும் வர்க்கப் பிரிவு நிலவியது. 1952இல் தோன்றிய அமெரிக்க கிளாசிக் கார்க் கழகம் 1925ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட, புதியதாயிருந்தபோதே உயர்ந்த விலை பெற்ற கார்களை மட்டும் தனக்குரியனவாக வரையறுத்தது. விவசாயியும் தொழிலாளியும் ஓட்டிய கார் அவ்வரையறைக்குள் வரவில்லை. 1965இல் அமைந்த அமெரிக்க மொடல் ரீ ஃபோர்ட் கழகத்தையும் அதன் 'வின்ரேஜ் ஃபோர்ட்' ஏட்டையும் இப்பின்னணியிலே நோக்குதல் தகும். எளியவர் கார் எளியவர் ஏட்டைப் பெற்றது. 1954இல் இலினோய் மாநிலத்திலே தொடங்கிய 'ஹெமிங்ஸ் மோட்டர் நியூஸ்' விளம்பர ஏடும், 1955 முதல் பென்சில்வேனியாவின் ஹேர்ஷி நகரிலே ஆண்டுதோறும் கூடும் உதிரிப்பாகச் சந்தையும் இச்சாதாரண ஆர்வலரின் தேவைகளினாலேயே வளர்ந்தன.

6

இவ்விடத்தில் இலக்கியத்தின் சாட்சியத்தை அழைத்தல் பயன்தரும். ஜோன் ஸ்ரைன்பெக் 1939இல் வெளியிட்ட 'த கிறேப்ஸ் ஒஃப் றாத்' நாவலின் குடும்பத்தினர் நிலத்தை இழந்து, லொறியாக மாற்றிய பழைய ஹட்சன் காரொன்றில் கலிபோர்ணியா செல்கின்றனர். வழியிலே தம்மோடு சேர்ந்து பயணஞ் செய்வோரின் கார் பழுதாகின்றது. சகோதரர் இருவர் பழைய கார்கள் குவிந்த முற்றமொன்றைத் தேடிச்சென்று, அதே வகைக் காரிலிருந்து வேண்டிய பாகத்தைத் தம் கையால் கழற்றி வாங்கி, இரவோடிரவாகப் பொருத்துகின்றனர். அந்நாவலின் வேறோர் அத்தியாயம் பழைய கார் விற்போர் நிலமிழந்த ஏழைகளை ஏமாற்றும் விதத்தைச் சித்திரிக்கின்றது.

கழக ஏட்டின் ஆர்வலனும் உதிரிப்பாகத்துக்காக இத்தகைய முற்றங்களைத் தேடி அலைபவனே. செயல் ஒன்று, செயலின் பொருள் வேறு. ஒருவனுக்கு அது வாழ்வின் நெருக்கடி, மற்றவனுக்கு ஓய்வின் இன்பம். 1930களில் இலட்சக்கணக்கான ஏழைகள் பழைய கார்களை விடாப்பிடியாக ஓடவைத்திருந்தனர். காலத்தால் அவர்களே முதற் பேணுநர். ஆயின் கழகங்களின் வரலாற்றில் அவர்களுக்கு இடமில்லை. பழைய காரை வேறு வழியின்றி வைத்திருந்தவன் வறியவன். வேறு கார் இருந்தும் அதனை வைத்திருந்தவன் ஆர்வலன். ஏடு இரண்டாமவனுக்கே உரியதாயிற்று.

இதேபோன்று ஏட்டின் பக்கங்களுக்கு வெளியே நிற்போர் வேறு பலர். 1932 மார்ச் 7ஆம் நாள் டியர்போனில் ஃபோர்ட் ஆலையை நோக்கி நடந்த வேலையற்றோரின் பட்டினி ஊர்வலத்தின்மீது சுடப்பட்டதில் நால்வர் அங்கேயே மாண்டனர். ஐந்தாமவர் பின்னர் இறந்தார். அதே ரூஜ் ஆலையின் வார்ப்புச்சாலையின் வெம்மையிலே பெருந்தொகையாக அமர்த்தப்பட்டோர் கறுப்பினத் தொழிலாளர். காரின் எண் முத்திரையைக் கொண்டு அது வார்க்கப்பட்ட மாதத்தைக் கூறவல்ல ஏடு, வார்த்தவனைக் கூறுவதில்லை.

சக்கரத்தின் கதையோ நம்மைச் சார்ந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட றப்பர் விதைகளில் முளைத்த கன்றுகளின் பெரும்பகுதி இலங்கைக்கே அனுப்பப்பட்டு ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டது. மோட்டார் கார் பெருகியபோது இலங்கையிலும் மலாயாவிலும் றப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் கங்காணி முறையின்கீழ்த் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் பால் வெட்டினர். றப்பர் விலை வீழ்ந்தபோது, 1922 முதல் 1928 வரை பிரித்தானிய அரசு இவ்விரு நாடுகளின் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்தியது. அக்கட்டுப்பாட்டினால் விலையேறியதைச் சகியாத ஃபோர்ட் பிரேசிலின் காட்டினுள் தனக்கெனத் தோட்டம் அமைக்க முற்பட்டுத் தோல்வியுற்றார். இன்று பழங்காருக்கு எவ்வகைச் சக்கரம் மூலத்துக்கு நெருங்கியது என்பது பற்றிக் கழக ஏடுகளில் நுணுக்கமான விவாதங்கள் இடம்பெறுவதுண்டு. மூலம் என்பது களுத்துறையிலும் பேராக்கிலும் விடியற்காலையிலே மரத்துக்கு மரம் நடந்த கால்களையும் உள்ளடக்கும் என்பது அவ்விவாதத்துக்கு எட்டாத செய்தி.

7

1970களின் பின்னர் பழங்கார் முதலீட்டுப் பண்டமாக மாறத் தொடங்கியது. 2018இல் ஃபெராரி 250 ஜிரிஓ கார் ஒன்று ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் டொலருக்கு விலைபோனது. 2022இல் மேர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கார் ஒன்று 13 கோடியே 50 இலட்சம் யூரோவைப் பெற்றது. இவ்வகைக் கார்கள் பல ஓட்டப்படுவதற்காகவன்றி மூலதனத்தின் சேமிப்பறைகளில் வைக்கப்படுவதற்காகவே வாங்கப்படுகின்றன. கையில் எண்ணெய் படிய உழைத்த அங்கத்தவனும் அவனது ஏடும் இப்போக்கினால் நெருக்கப்படுகின்றனர். அவன் நேசித்த பொருளின் விலை அவனது கைக்கு எட்டாததாகின்றது. செல்வர் பொழுதுபோக்கு எனக் கூறி இத்துறையை ஒதுக்கும் நாம், அதனுள்ளே தோற்றுக்கொண்டிருக்கும் இவ்வுழைப்பாளியையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகின்றோம்.

வேறொரு பாடமும் இங்கு உண்டு. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டின்போது இந்நாட்டின் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை ஓடவைத்தவர்கள் நமது வீதியோரத் திருத்தகங்களின் தொழிலாளர்களே. 1990களில் பொருளாதாரத் தடைக்குட்பட்டிருந்த யாழ்ப்பாணத்திலே, சிறிதளவு பெற்றோலினால் இயந்திரத்தைத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடுமாறு அதே ஒஸ்ரின் கார்களை மாற்றியமைத்தவர்களும் அத்தகையோரே. நோயாளியை வைத்தியசாலைக்கும் பிள்ளையைப் பரீட்சைக்கும் கொண்டுசென்ற அக்கார்கள் எந்தப் போட்டியிலும் புள்ளி பெறமாட்டா. பிறைற்றன் ஊர்வலத்தையோ ஹேர்ஷிச் சந்தையையோ அறியாத அவர்களின் அறிவு, வெள்ளீயத்தை வார்க்கும் அறிவுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஆயின் அவர்களுக்கென்று ஒரு கழக ஏடு இருக்கவில்லை. ஐயத்தைக் கேட்டெழுதவும் விடையைப் பதியவும் மறைந்தவருக்கு அஞ்சலி செலுத்தவும் அவர்களுக்குப் பக்கங்கள் இல்லை. அவ்வறிவு மாணாக்கனின் கண்வழியாகவும் ஆசானின் ஏச்சுவழியாகவுமே கையளிக்கப்பட்டது. அவ்வாசான்கள் இப்போது ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர்.

அமெரிக்கப் பழங்கார் ஆர்வலனின் ஏட்டிலிருந்து நாம் கற்கத்தக்கது இதுவே. உழைப்பின் அறிவு எழுதப்படும்போது நிலைக்கின்றது. எழுதும் உரிமை உடைமையாளனிடம் மட்டும் இருக்கும்போது உழைத்தவன் மறைகின்றான். முதலாவது உண்மையை அவ்வேடுகள் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மெய்ப்பித்து வந்துள்ளன. இரண்டாவதை அவை அறியாமலே மெய்ப்பித்துள்ளன. நமது திருத்தகங்களில் எஞ்சியுள்ள முதியவர்களிடம் சென்று, அவர்கள் கூறுவதைக் கேட்டு, அவர்களின் பெயரோடு பதிவுசெய்யும் பணி சமூக வரலாற்று மாணவரைக் காத்து நிற்கின்றது. அதற்குரிய காலம் நீண்டதன்று.